மெர்லிதா காத்திருந்த நாலு நிமிடம்

சந்தைக்குப் பின்னால் இருக்கும் ரொட்டிக் கடையில் மெர்லிதா பதினாறு வருடமாகப் பியாயா உருட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்குள் கரும்புச் சர்க்கரையை அடைத்து, எள்ளில் புரட்டி, தட்டையாகத் தேய்த்துக் கல்லில் போடுகிற வேலை. சர்க்கரை கசிந்தால் கல்லில் ஒட்டிக் கருகும். கருகினால் அந்த ரொட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். மெர்லிதா தேய்த்தது கசிந்ததில்லை. "இவளுக்குப் பொறுமை கையிலேயே இருக்கு" என்று முதலாளியம்மா புதிதாக வரும் பெண்களிடம் சொல்வாள். மெர்லிதா அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டில் தன் பொறுமை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

வீடும் அவளுடையது இல்லை. சிலாய் ஊரில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையோரம், அவளுடைய அப்பா அன்செல்மோ கட்டிய வீடு அது. ஆலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெர்லிதாவின் புருஷன் ரமிலுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் கரை. கல்யாணமான புதிதில் தனி வீடு பார்ப்பதாகப் பேச்சு இருந்தது. அம்மா செத்துப்போனதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வயசான மனுஷரை ஒற்றையாக விட்டுப் போனால் தெரு சும்மா இருக்குமா? அப்படித்தான் மெர்லிதாவும் மகள் ஜெலினும் அங்கேயே தங்கிப்போனார்கள்.

ஜெலினுக்கு அப்போது ஏழு வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவள் நடந்ததில்லை, ஓட்டம்தான். சாப்பாட்டு மேஜையில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவது வாய்க்கு ஜன்னலில் இருப்பாள். கடைக்குப் போய் வினிகர் வாங்கி வா என்று அனுப்பினால் பாட்டிலும் வராது, அவளும் வர மாட்டாள். பக்கத்துத் தெருவில் யாரோ கிணறு தூர்வாருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது பெஞ்சுகளுக்கு அடியிலேயே ஊர்ந்து முன்னால் போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டாள். பென்சிலைப் பிடுங்கிய பையனைப் பள்ளிக்கூடத்தில் கடித்து வைத்தாள். வேண்டாம் என்றால் கையில் இருப்பது பறக்கும். எல்லாம் முடிந்த பிறகு மூலையில் உட்கார்ந்து அழுவாள்.

"நிக்கணும்னுதான் நினைச்சேன் அம்மா. கால் போயிடுச்சு."

மெர்லிதாவுக்குத் தெரிந்த வைத்தியம் மூன்று. அடுக்களையிலிருந்தே கத்துவது, அப்பா வரட்டும் என்று கப்பலில் இருப்பவன் பெயரைச் சொல்லி மிரட்டுவது, கடைசியில் ரப்பர் செருப்பு. மூன்றும் அன்றன்றைக்குக் கொஞ்ச நேரம் வேலை செய்யும். மறுநாள் திரும்ப முதலிலிருந்து. தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை, ஒற்றைப் பிள்ளைக்குச் செல்லம், வயிற்றில் இருக்கும்போது அம்மாக்காரி எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள்.

அன்செல்மோவுக்குக் காரணமே தேவைப்படவில்லை. "கை பத்தல" என்பார். "உன் அடி எல்லாம் ஈ ஓட்டுற அடி."

அதே சமயம் அவர் பேத்தியிடம் பிரியமாகவும் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கொல்லையில் அவர் பதினோரு சண்டைச் சேவல்கள் வளர்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கூரை, காலில் ஒரு கயிறு. சாயங்காலம் தீனி வைக்கப் போகும்போது "இண்டாய், வா" என்று செல்லமாகக் கூப்பிடுவார். ஜெலின் "லோலோ, லோலோ" என்று தாத்தா பின்னாலேயே குதித்துக்கொண்டு போவாள். எந்தச் சேவலுக்கு எந்த மருந்து, எதற்குக் கண்ணில் சீக்கு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் பத்து எழுத்து சேர்ந்தாற்போல் எழுதாதவள், பதினோரு சேவலின் வம்சத்தையும் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு சேவலின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது கயிற்றில் சுற்றிக்கொண்டு கத்தியதாம். அவிழ்ந்த சேவல் நேரே போய்ப் பக்கத்துக் கூரையின் கீழ் கட்டியிருந்த சிவப்பன் என்ற சேவல் மேல் பாய்ந்தது. அன்செல்மோ வருவதற்குள் சிவப்பன் கழுத்தில் கால்முள் இறங்கிச் செத்துக் கிடந்தது. அடுத்த மாதம் பகோலோடில் நடக்கும் பெரிய பந்தயத்துக்காக இரண்டு வருடம் கையில் வைத்து வளர்த்த சேவல்.

மெர்லிதா கடையிலிருந்து இரண்டு மணிக்கு வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த வீட்டில் பகல் நேரத்தில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை. உள்ளே போனாள். சிமெண்டுத் தரையில் பச்சைப் பயறு பரப்பியிருந்தது. அதன்மேல் ஜெலின் முட்டி போட்டிருந்தாள். இரண்டு கையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை ஒவ்வொன்றிலும் ஒரு தடிமனான புத்தகம். முகம் வெளுத்திருந்தது. எதிரே நாற்காலியில் அன்செல்மோ, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டு.

"பாத்தியா, அசையல" என்றார். "அசையாம இருக்க மாட்டா, இருக்க மாட்டானு நீதான் சொன்ன, அவளால ஒரு இடத்துல உக்கார முடியாதுனு. எப்படி இருக்கா பாரு."

மெர்லிதா பையைக் கீழே வைத்தாள். பிறகு, பின்னால் பல மாதம் தன் தூக்கத்தில் வந்து நிற்கப்போகும் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் அப்பா?"

"நாலு நிமிஷம்."

அவள் நின்றாள். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நடுவில் யாராவது வந்து தூக்கினால் நேரம் முதலிலிருந்து தொடங்கும். அவளுடைய தம்பி எலிசியோ முட்டி போட்டிருக்கும்போது அம்மா ஒருமுறை தூக்கப் போய், அவனுக்கு அரை மணி ஒரு மணி ஆனது. அதை மெர்லிதா கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் நாலு நிமிடம் நின்றாள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். ஜெலின் அவளையே பார்த்தாள். நேரம் முடிந்ததும் தூக்கினாள். முழங்காலில் பயறு பதிந்த குழிகள் இருந்தன. நாலைந்து பயறு தோலோடு ஒட்டியிருந்தன. விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்று முழுக்க ஜெலின் ஓடவில்லை. மெர்லிதாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூட வாத்தியாரம்மா முன்பே இரண்டு தடவை சீட்டு எழுதியிருந்தாள், பிள்ளையைப் பெரிய மருத்துவரிடம் காட்டச் சொல்லி. மெர்லிதா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை எடுத்தாள். அந்த மாதிரி பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் கடல் தாண்டி இலோய்லோவிலிருந்து மாதம் ஒரு தடவை பகோலோட் வருவார். ஏழு மாதம் கழித்து நேரம் கிடைத்தது. ஏழு மாதமும் மெர்லிதா கடை வேலையை மதியத்துக்கு முன்பே முடித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைக் கையோடு கூட்டி வந்தாள்.

டாக்டர் ஏடிஎச்டி என்றார். மூளையில் பிரேக் பிடிக்கிற இடம் இன்னும் சரியாக வளரவில்லை, பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, வளர்ப்பும் காரணமில்லை என்று சொன்னார். மஞ்சள் சீட்டில் மருந்து எழுதினார். அந்த மருந்து பகோலோடில் ஒரே கடையில் கிடைத்தது, அதுவும் பாதி நாள் இருக்காது. "மருந்து பாதிதான். மீதி வீட்ல" என்று சொல்லி சோலேதாத் என்ற பெண்ணிடம் அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும். எப்போதும் ஒரே பச்சைக் குடை. பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. எல்லாரும் அவளை மேம் என்று கூப்பிட்டார்கள்.

முதல் நாளே சோலேதாத் கேட்டாள். "வீட்ல இவ தப்பு பண்ணினா என்ன பண்ணுவீங்க?"

மெர்லிதா வாயைத் திறப்பதற்குள், நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் தாவிக்கொண்டிருந்த ஜெலின் நின்று சொன்னாள். "லோலோ பயறு மேல முட்டி போட வைப்பாரு. அம்மா கடிகாரம் பாப்பாங்க."

சோலேதாத் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஜெலினை வெளியே விளையாட அனுப்பினாள். பிறகு மெர்லிதாவிடம், "நீங்களும் அதுல முட்டி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை. என் தம்பிதான் அதிகம்."

"தம்பியும் இவ மாதிரியா?"

மெர்லிதாவுக்கு அதுவரை அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. எலிசியோ. மாமரத்திலிருந்து கூரைக்குத் தாவியவன். ஆலையில் போட்டுத் தேய்ந்த ரப்பர் பெல்ட்டால் அப்பா அடிக்கும்போது துள்ளித் துள்ளி விலகுவான் என்று, அவன் இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். பிடித்தவள் மெர்லிதா. பதினைந்து வயதில் ஒரு சட்டையோடு வீட்டை விட்டுப் போனவன், அம்மா சாவுக்கும் வரவில்லை.

"ஆமா மேம்" என்றாள். "அச்சு அசலா இவ மாதிரி."

அதன் பிறகு பன்னிரண்டு சனிக்கிழமை அவள் பகோலோட் போய் வந்தாள். கற்றுக்கொண்டதை வெளியே சொன்னால் இதுக்கா பஸ் ஏறிப் போனாய் என்று சிரிப்பார்கள். அடுக்களையிலிருந்து கத்தாதே, பக்கத்தில் போ. தோளைத் தொடு, கண் உன்னைப் பார்க்கட்டும், பிறகு சொல். ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஓடாதே என்று சொல்லாதே, நட என்று சொல். விளையாட்டை நிறுத்தப் போகிறாய் என்றால் ஐந்து நிமிடம் முன்பே சொல். செய்ததும் அந்த நொடியே பாராட்டு, சாயங்காலம் வரை தேக்கி வைக்காதே. சின்னத் தப்புகளுக்குக் கண்ணை மூடிக்கொள். அவள் வெடிக்கும்போது உன் குரல் இறங்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் மலை மாதிரி இருந்தது. ரொட்டிக் கல்லின் முன்னால் நிற்பதுபோல் நினைத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். பல் தேய்க்கிற படம், குளிக்கிற படம், பையில் புத்தகம் வைக்கிற படம். செய்து முடித்தால் ஒரு நட்சத்திரம். ஐந்து நட்சத்திரத்துக்கு மெர்லிதாவோடு கடைக்குப் போய் மாவு பிசையலாம். பாடம் எழுதுவதை ஐந்தைந்து நிமிடமாக வெட்டினாள்; நடுவில் வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம்.

மூன்றாவது வாரம் ஜெலின் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எழுத்து மேலும் கீழுமாக ஆடியது. மெர்லிதா அந்தப் பக்கத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. மருந்து கிடைக்காத ஒரு வாரம், குளிக்க மாட்டேன் என்று ஜெலின் கண்ணாடி ஜாடியை எறிந்தபோது, மெர்லிதா குனிந்து செருப்பை எடுத்து ஓங்கி ஒன்று வைத்துவிட்டாள். மறு சனிக்கிழமை சோலேதாத்திடம் சொன்னாள். "கை பழகிப்போச்சு மேம்." சோலேதாத் சொன்னாள்: "பழகினதுதானே. வேற மாதிரியும் பழகும். ஆனா வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி நடக்கணும். ஒருத்தர் கட்டி ஒருத்தர் இடிச்சா பிள்ளை எங்க நிக்கும்?"

இடிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு தேச்சதுக்குப் பரிசா?" என்பார். "நாளைக்கு மூச்சு விட்டதுக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டு."

பிள்ளை ஐந்து நிமிடம் எழுதிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே கொல்லையிலிருந்து கூப்பிடுவார், சேவலுக்குத் தீனி வைக்கலாம் வா என்று. அவள் பாய்ந்து ஓடியதும் மெர்லிதாவைப் பார்த்து, "உன் படிப்பு அவ்வளவுதான்" என்பார். மெர்லிதா கடைக்குப் போன ஒரு காலையில் ஜெலின் பாலைக் கொட்டிவிட்டாள் என்று காதைத் திருகியதில் காது மடல் பின்னால் தோல் கிழிந்தது. கேட்டதற்கு, "திருகினேன். அதுக்கென்ன? காது இருக்கு இல்ல?" என்றார்.

அந்த வாரம்தான் அவள் எலிசியோவின் நம்பரைத் தேடிப் பிடித்தாள். செபுவில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறான் என்று ரமிலின் கூட்டாளி ஒருவன் சொன்னான். மத்தியானம் கடையின் பின்வாசலில், மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்து கூப்பிட்டாள். தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது.

"யாரு செத்தா?" என்றான்.

"யாரும் சாகலடா."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

அவள் ஜெலினைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "உனக்கும் அதுதான் இருந்திருக்கும்னு மேம் சொல்றாங்க. நீ கெட்ட பிள்ளை இல்லடா எலி. அது ஒரு இது. அதுக்குப் பேரே இருக்கு."

"நான் கெட்டவன்னு நான் எப்போ சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். சொல்லணும்னு."

"பேர் வந்தா என்ன பண்றது? சட்டையில எழுதி ஒட்டிக்கவா?" யாரையோ ஒதுங்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தான். குரல் தணிந்திருந்தது. "அப்பா அடிச்சது எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு அக்கா. எது எந்த நாளு, எதுக்குனு தெரியல. நீ என் கையைச் சேத்துப் பிடிப்பியே, அது மட்டும் தனியா ஞாபகம் இருக்கு. உன் கையில பூண்டு வாசம் அடிக்கும்."

"எனக்குப் பதினாலு வயசுடா."

"எனக்குப் பத்து."

அவன் பேசிக்கொண்டே போனான். அவனுக்கு ஒரு மகன் இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். எட்டு வயது. "அவனும் என்னை மாதிரிதான். ஒரு இடத்துல நிக்க மாட்டான். நான் அடிக்கவே கூடாதுனுதான் இருந்தேன். ஒரு நாள் பெல்ட்டைக் கழட்டினேன். அதுக்கு அப்புறம் கழட்டுறது ஈஸி ஆயிடுச்சு. போன வருஷம் அவங்கம்மா அவனைக் கூட்டிட்டு மிண்டனாவ் போயிட்டா."

"எலி..."

"அந்தப் படம், நட்சத்திரம்னு சொன்னியே. அதை எப்படிப் பண்றது?"

அவள் அவசரமாகச் சொல்லத் தொடங்கினாள், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு என்று. பாதியில் அவன் தடுத்தான்.

"விடு. அவன்தான் இங்க இல்லையே."

போனை வைத்துவிட்டான். மெர்லிதா மாவு மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தாள். உள்ளே கல்லில் போட்ட ரொட்டி கருகிய வாசம் வந்தது. முதலாளியம்மா திட்டவில்லை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே கல்லைச் சுரண்டினாள்.

அன்று சாயங்காலம் மெர்லிதா அப்பாவின் எதிரே போய் நின்றாள். தம்பியோடு பேசியதைச் சொல்லவில்லை. "இனிமே ஜெலின் மேல நீங்க கை வைக்கக் கூடாது அப்பா" என்றாள்.

அவர் சேவலின் கால் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எங்கப்பன் என்னைப் பச்சைக் கரும்பால அடிப்பான். கரும்பு ஒடிஞ்சா ஒடிச்சதுக்கு வேற அடி. நானும் துள்ளிட்டுத்தான் இருந்தேன், உன் பொண்ணு மாதிரி. எந்த டாக்டரும் பேர் வைக்கல. முப்பத்தொரு வருஷம் ஒரு நாள் லேட்டாப் போகல ஆலைக்கு."

"அதெல்லாம் இருக்கட்டும். கை வைக்கக் கூடாது."

"இது யார் வீடு?"

"உங்க வீடு."

"அப்போ இங்க என் சட்டம்."

"சரி" என்றாள் மெர்லிதா.

அவர் அந்தச் சரியை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். மறுநாள் அவள் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, டிரைசைக்கிள் ஒன்றைக் கூட்டி வந்து இரண்டு மூட்டையும் ஒரு பாயும் ஏற்றியபோதுதான் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாசல்வரை வந்தார். சுவரில் ஒட்டிய படங்களை மெர்லிதா பிளேடால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சேவலும் வருதா?" என்று கேட்டாள் ஜெலின். வரவில்லை என்று தெரிந்ததும் ரோட்டில் உருண்டு புரண்டு அழுதாள். தெருவே பார்த்தது.

தெரு பார்த்ததைத் தெரு சொன்னது. பெற்ற அப்பனை விட்டுவிட்டு அடுப்புச் சூட்டில் போய்க் கிடக்கிறாள், கடன்காரிபோல் ஓடுகிறாள், பிள்ளையைக் காரணம் காட்டுகிறாள், உள்ளே வேறு எதுவோ இருக்கும். ரமில் சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டுக் கத்தினான்.

"ஊர்ல என் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது? அடிச்சா என்ன, கொன்னா போட்டாரு? நாம எல்லாரும் அடி வாங்கித்தானே வளந்தோம்."

"நீ வந்து ஒரு வாரம் அவளோட இருந்து பாரு. அப்புறம் சொல்லு."

"லீவுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

"அப்போ பேசாத."

இரண்டு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. பிள்ளையோடு மட்டும் வீடியோவில் பேசினான். ஜெலின் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடியபடி பேசுவாள். அவன் கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்ப்பான்.

சாமான் அறையில் வெயில் நேரத்தில் இருக்க முடியாது, அவ்வளவு சூடு. ஆனால் அங்கே ஒரே குரல்தான் இருந்தது. படங்களைத் திரும்ப ஒட்டினாள். ஜெலின் காலையில் தானே பல் தேய்த்தாள். பத்து நாளில் ஏழு நாள் தானே குளித்தாள். வெடிப்பது நாளைக்கு ஐந்து தடவையிலிருந்து வாரத்துக்கு ஐந்து தடவை ஆனது. பள்ளிக்கூடத்தில் கடைசி செக்‌ஷனில் தள்ளினார்கள். மற்ற பெற்றோர் கேட்டுக்கொண்டதால்தான் என்று வாத்தியாரம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மெர்லிதா சண்டை போடவில்லை. சண்டைக்கு வைத்திருந்த தெம்பெல்லாம் சாயங்காலப் பாடத்துக்கே சரியாகப் போனது.

ஒரு விஷயத்தில்தான் அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. ஜெலினுக்கு லோலோ வேண்டும். முட்டி போட வைத்த அதே லோலோ. இரண்டு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அங்கே ஓடிவிட்டாள். மெர்லிதா மூச்சிரைக்கப் போய்ப் பார்த்தால் கொல்லையில் சேவலுக்கு மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தாள், கிழவர் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெர்லிதாவே தினமும் வேலை முடிந்ததும் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவளோடு போகத் தொடங்கினாள். அரை மணி நேரம். மெர்லிதா கண்முன்னால் மட்டும். அன்செல்மோ சாப்பாட்டை ஜெலின் கையிலிருந்துதான் வாங்கிக்கொள்வார். மகளிடம் நேரே பேசுவதில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லு, மீன்ல புளிப்பு ஏறலனு."

ஜெலின் திரும்பி, இரண்டடி தள்ளி நிற்கும் மெர்லிதாவிடம் அதைச் சொல்வாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அதற்குள் கிழவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. சேவல்களை ஒவ்வொன்றாக விற்று மூன்றுதான் மிச்சம். என்னோடு வந்துவிடுங்கள் என்று மெர்லிதா இரண்டு தடவை ஜெலின் மூலமாகவே கேட்டாள். அடுப்பில் வேக எனக்கு ஆசையில்லை என்று பதில் வந்தது.

கரும்பு வெட்டு தொடங்கியிருந்த ஒரு நாள் ஜெலின் கொல்லைச் சுவரில் ஏறி, அங்கிருந்து பழைய நீர்த்தொட்டி மேல் குதித்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். மெர்லிதா பக்கத்தில் போய் அவள் காலைத் தொட்டு, "கீழ இறங்கி நட" என்றாள். இரண்டாவது தடவையில் இறங்கினாள். கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, மகளைப் பார்த்து நேரே பேசினார்.

"அவனும் அங்க இருந்துதான் குதிப்பான்."

மெர்லிதா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவன் பெயர் அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடமாக எழுந்ததில்லை.

"எங்க இருக்கான்?"

"செபுவில. பேசுறீங்களா?"

அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மெர்லிதா போனை எடுத்துக் கூப்பிட்டாள். மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தான். பின்னால் அதே இரும்புச் சத்தம்.

"எலி, அப்பா பக்கத்துல இருக்காரு. உன்னைக் கேக்கறாரு."

அவன் கையில் இருந்த இரும்பைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"வேலையில இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கிழவர் நல்ல கண்ணை அவள் பக்கம் திருப்பினார். "என்ன சொன்னான்?"

"வேலையில இருக்கானாம்."

"என்ன வேலை?"

"கப்பல் பட்டறையில வெல்டர்."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும்."

அன்செல்மோ மெல்லத் தலையை ஆட்டினார். பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு நிறைவு அந்த முகத்தில் வந்தது. "நின்னு வேலை பாக்கறான் இல்ல?" என்றார். "ஒரே இடத்துல. பதிமூணு வருஷம். அன்னிக்கு நான் கையை ஓங்காம இருந்திருந்தா ஆகியிருப்பானா? சும்மாவா அடிச்சேன்?"

மெர்லிதாவின் வாய்வரை வந்தது. மிண்டனாவ், எட்டு வயதுப் பையன், கழற்றக் கழற்றச் சுலபமாகிப்போன பெல்ட், எல்லாம். அவர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். காலி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். ஜெலின் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். மூன்று சேவல்களுக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றின் காலில் சுற்றிக்கொண்ட கயிற்றின் முடிச்சை அவிழ்க்காமல் முறுக்கை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தாள். மெர்லிதா பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டு, இன்னும் ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று சொன்னாள்.

"லோலோ சிரிக்கறாரு" என்றாள் ஜெலின். "ஏன்?"

"தெரியல" என்றாள் மெர்லிதா.